வாடகையை விடுங்கள், அட்வான்ஸைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வீட்டு விலை எகிறிவிட்டது என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. சதுர அடி விலையில் ஆரம்பித்து வங்கி வட்டியில் முடிந்துவிடும். வீடு வாங்குகிறவர்களுக்கு அது தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்க வழியில்லாமல், சிலர் வாங்கும் ஆசையையே விட்டுவிட்டு, வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டுகிற குடும்பங்கள் இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. எங்களைப் பற்றி எழுதினால்கூட அடையாறில் வாடகை இவ்வளவு, வேளச்சேரியில் இவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டு முடித்துவிடுகிறீர்கள். மாத வாடகையாவது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். எங்கள் கழுத்தைப் பிடிப்பது அட்வான்ஸ்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், அதனால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை 20,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 2 லட்சம். இந்த 2 லட்சம் ஓனர் கையில் சும்மா கிடக்கிறது, எனக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. அதையே வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 14,000 வரும். ஆக, நான் நிஜத்தில் கொடுக்கும் வாடகை 20,000 இல்லை, 21,000-க்கும் மேல். இது கையில் காசு இருக்கிறவன் கணக்கு. கையில் இல்லாதவன் பதினைந்து சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் எடுத்து அட்வான்ஸ் கொடுத்தால் வட்டிக்கு மட்டும் மாதம் 2,500 போகும். நகையை அடகு வைத்தவர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் பாதிப் பேருடைய அட்வான்ஸ் அடகுக்கடையில் இருந்து வந்த பணம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம், பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

சரி, கொடுத்த பணம் திரும்பி வருமே என்பார்கள். வரும், ஆனால் எப்போது? வீடு மாற்றும்போதுதான் இந்த வேடிக்கை. புது வீட்டு ஓனர் சாவி கொடுப்பதற்கு முன்பே முழு அட்வான்ஸையும் கேட்பார். பழைய வீட்டு ஓனரோ, "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன் சார், அதைத்தான் செலவு பண்ணிட்டேனே" என்பார். பாவம், அவர் பொய்யும் சொல்லவில்லை. எங்கள் அட்வான்ஸை வாங்கித்தான் அவர் முந்தைய ஆளுக்குக் கொடுத்திருப்பார். இடைப்பட்ட காலத்தில் நாம் இரண்டு வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்தவர்களாக நிற்போம். மந்தைவெளியில் இருந்து கிளம்பியபோது எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்று தளம் உள்ள அந்தப் பழைய ஃபிளாட்டை இடித்துவிட்டு பில்டரிடம் கொடுக்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். அந்த வட்டாரத்தில் இப்போது தெருவுக்கு ஒரு கட்டிடமாவது பச்சை வலை போர்த்திக்கொண்டு நிற்கிறது, சொந்தக்காரர்களுக்குப் புது ஃபிளாட்டும் கட்டி முடியும்வரை வேறு இடத்தில் தங்க மாதாமாதம் வாடகைப் பணமும் பில்டர் கொடுக்கிறார், வாடகைக்கு இருந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. அட்வான்ஸைத் திரும்பக் கேட்டபோது ஒரு மாத வாடகையை பெயிண்டிங்குக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு சார் பெயிண்ட் என்று கேட்டேன். "அது வழக்கம்" என்று பதில் வந்தது.

இந்த வழக்கத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று இருந்தது. யாரும் மதிக்கவில்லை, அது வேறு விஷயம். அதை எடுத்துவிட்டு 2017-ல் புதுச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பெயரே நீளம்: நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம். இதில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. படித்ததும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அந்த வாக்கியத்தின் ஆரம்பத்தைக் கவனித்தேன், இதற்கு மாறாக இருவருக்கும் ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று ஒரு வால் இருக்கிறது. அதாவது ஓனர் அக்ரிமெண்டில் பத்து மாதம் என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டவிரோதம் எல்லாம் பறந்துபோகும். வீடு வேண்டும் என்று நிற்கிறவன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? மூன்று மாதம்தான் தருவேன், சட்டத்தைப் பாருங்கள் என்று சொன்னால், "அப்ப நீங்க வேற வீடு பாருங்க" என்று முடித்துவிடுவார்கள். புரோக்கர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார், அடுத்த முறை போனையே எடுக்கமாட்டார்.

இதே சட்டத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், மாதக்கணக்கு எதுவானாலும். ஆனால் நம் ஊரில் இன்றும் பதினொரு மாத அக்ரிமெண்ட்தான், வெறும் பத்திரத் தாளில், பதிவு கிடையாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்துக்குப் பயந்து வந்த பழக்கம் அது, புதுச் சட்டம் வந்தும் போகவில்லை. பல வீடுகளில் அதுகூட இல்லை, வாய்ப்பேச்சுதான். இப்போது கேளுங்கள்: எழுத்து மூலம் ஒப்பந்தம் போடத் தவறினால் அதையே காரணமாகக் காட்டி ஓனர் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் போட மறுப்பது பெரும்பாலும் யார்? வருமான வரிக்குப் பயந்து ரசீதுகூடத் தராத ஓனர்கள். தப்பு ஒரு பக்கம், வெளியே போவது இன்னொரு பக்கம்.

ஓனர்களைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடைய இப்போதைய ஓனர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பென்ஷனும் இந்த வாடகையும்தான் அவருக்கு வருமானம். 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள், 2024-ல் மறுபடி 6 சதவீதம் ஏற்றினார்கள். கோடையில் தண்ணி லாரிக்குக் கொடுக்கிறார். எங்களுக்கு முன்னால் அவர் வீட்டில் இருந்த ஒரு குடித்தனக்காரர் வாடகையும் தராமல், காலியும் செய்யாமல் இழுத்தடித்திருக்கிறார், கோர்ட்டுக்குப் போனால் எப்போது முடியும் என்று பயந்து கடைசியில் இவரே காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு தடவை பட்டவர் பத்து மாதம் கேட்கத்தான் செய்வார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்ததாகக் கணக்கு வந்தது. அதில் எத்தனை வீடு, வாடகைக்கு விட்டால் வம்பு என்று பூட்டி வைத்த வீடோ. எனவே, பத்து மாத அட்வான்ஸ் என்பது வேலை செய்யாத நீதிமன்றத்துக்கு நாங்கள் கட்டும் அபராதம். இதற்காகத்தானே புதுச் சட்டத்தில் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று மூன்று அடுக்கு வைத்தார்கள்? துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் ஒருவருக்கு வெள்ள நிவாரணம், தேர்தல், பட்டா என்று ஆயிரம் வேலை. அதோடு வாடகை அதிகாரி என்ற தொப்பியையும் மாட்டிவிட்டால் அவர்தான் என்ன செய்வார்.

என் அக்கா மகன் சிட்னியில் இருக்கிறான். அதுவும் கடலோர நகரம்தான், வாடகையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும், ஒரு வாரத்துக்கு அவன் கொடுப்பதில் நான் இங்கே மாதக்கணக்கில் இருந்துவிடுவேன். ஆனால் அங்கே அட்வான்ஸ் நான்கு வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. அந்தப் பணமும் ஓனர் பைக்குப் போகாது, மாநில அரசின் ஒரு துறையிடம் போய் இருக்கும். காலி செய்யும்போது சுவரில் ஓட்டை, கதவில் கீறல் என்று ஓனர் பணம் பிடிக்க நினைத்தால் அங்கே போய்க் கேட்க வேண்டும், அவராகப் பிடித்துக்கொள்ள முடியாது. வாடகை இவ்வளவு அதிகமான ஊரிலேயே இது நடக்கிறது என்றால் நம் ஊரில் ஏன் முடியாது? அவ்வளவு தூரம் போவானேன், ஹைதராபாத்தில் இரண்டு, மூன்று மாதத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். அங்கே ஓனர்கள் எல்லாம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்களா? மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமே குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. பத்து மாதப் பழக்கத்தில் நமக்குக் கூட்டாளி பெங்களூரு, அங்கேயும் எங்களைப் போலத்தான் புலம்புகிறார்கள்.

இதற்கிடையில் அட்வான்ஸும் வாடகையும் சேர்த்துக் கட்ட முடியாதவர்கள் போக்கியத்துக்குப் போகிறார்கள். எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, மூன்று வருடம் கழித்துப் பணம் திரும்ப வரும். வட சென்னையில் இது சகஜம். ஓனர் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருந்தால் ஒருநாள் வங்கிக்காரர் வந்து ஏல நோட்டீஸ் ஒட்டுவார், அப்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ ஓட்டுநர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை இப்படித்தான் விட்டார்.

வாடகை ஏன் ஏறுகிறது என்று கேட்டால் ஆளாளுக்கு ஐடி கம்பெனிகளைக் கை காட்டுவார்கள். அது ஒரு பங்கு உண்மை, பழைய மகாபலிபுரம் சாலை நிரம்பியபோது வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் எல்லாம் நம் கண் முன்னால்தான் ஏறின. ஆனால் இந்த ஊர் அமைந்திருக்கிற விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிழக்கே கடல். வடக்கே எண்ணூர், மணலி, ஆலைப் புகை. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல்தான் அதை ராம்சார் தளம், அதாவது உலக அளவில் காக்க வேண்டிய சதுப்பு நிலம் என்று அறிவித்தார்கள், அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. மேற்கே ஏரிகள். தண்ணீர் போகவேண்டிய இடத்தில் எல்லாம் வீடு கட்டி, அந்த வீட்டுக்கும் பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறோம். 2015-ல் பட்டோம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி பட்டோம். எங்கள் தெருவில் தரைத்தளத்தில் இருந்தவர்களின் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று. வெள்ளம் வடிந்த மறு மாதம் வாடகையில் ஒரு ரூபாய் குறையவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து காலி செய்ய நினைத்தவர்கூட அட்வான்ஸ் உடனே கைக்கு வராது என்பதால் ஈரச் சுவரோடு அங்கேயே இருந்தார்.

வீடு கிடைப்பதிலேயே பாதிப் பேருக்குக் கதவு மூடியிருக்கிறது, அது தனிக் கொடுமை. போனில் முதல் கேள்வியே "வெஜிடேரியனா சார்?" என்பதுதான். அடுத்தது சொந்த ஊர், அப்புறம் பெயர், பெயரைக் கேட்டதும் "நேத்துதான் சார் ஒருத்தர் டோக்கன் கொடுத்தாங்க". முஸ்லிம் நண்பர் ஒருவர் மயிலாப்பூர் பக்கம் வீடு தேடி அலுத்துப்போய், அதே மாதிரி வீட்டுக்கு வேறு இடத்தில் 4,000 கூடக் கொடுத்து இருக்கிறார். தலித் குடும்பங்களுக்கும் தனியாக வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே கதைதான். தேர்ந்தெடுக்க நான்கு வீடு இருக்கிறவன் பேரம் பேசலாம், ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்பவன் கேட்டதைக் கொடுப்பான். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு கட்டியிருக்கும் தோழி விடுதிகள் இந்த விஷயத்தில் நல்ல காரியம், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் குடும்பங்களுக்கு? வீட்டுவசதி வாரியம் ஒரு காலத்தில் வாடகைக்கு விடுவதற்கென்றே குடியிருப்புகள் கட்டியது. இப்போது கட்டுவதில் பெரும்பகுதி விற்பதற்குத்தான். நகரத்துக்கு நடுவில் வாரியத்துக்கு இருக்கும் பழைய இடங்களை இடித்துக் கட்டும்போது ஒரு பகுதியையாவது மூன்று மாத அட்வான்ஸில் வாடகைக்கு விடலாமே. அரசே வீட்டுக்காரராக இருந்து காட்டினால் மற்றவர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

ஏழைகளுக்கு வீடு கட்டவில்லையா என்று யாராவது கேட்டால், கட்டினார்கள், தெற்கே ஊர்க்கோடியில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். கூவம் கரையில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். எங்கள் பழைய ஃபிளாட்டில் வேலை செய்த அக்கா கண்ணகி நகரில் இருந்துதான் வந்துகொண்டிருந்தார், விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி. நாங்கள் மடிப்பாக்கம் வந்ததும், "உங்களையும் இந்தப் பக்கம் தள்ளிட்டாங்களா" என்று சிரித்தார். அவருக்காவது சொந்தமாக ஒரு ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை.

வாடகையை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று அதைச் செய்து பார்த்தார்கள், விளைவு என்ன? மவுண்ட் ரோட்டிலும் ஜார்ஜ் டவுனிலும் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பக்கம், மராமத்து பார்க்காமல் இடிந்து விழுந்த கட்டிடங்கள் இன்னொரு பக்கம். வாடகை சந்தைப்படி போகட்டும். அட்வான்ஸ் விஷயத்தில் அந்த "மாறாக ஒப்பந்தம்" என்ற வரியை மட்டும் சட்டத்தில் இருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. சட்டமன்றத்தில் அரை மணி நேர வேலை. கூடவே, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் இணையதளத்திலேயே அட்வான்ஸ் எவ்வளவு என்று போடச் சொல்லி, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் ஏற்காதபடி வைத்துவிட்டால் ஒளித்துச் செய்கிறவர்களும் குறைவார்கள். முழுக்க நிற்காது, பாதியைக் கையில் கொடு என்பார்கள், தெரியும். நிலம் வாங்குவதிலேயே கறுப்பும் வெள்ளையும் பழகிய ஊர் இது. இருந்தாலும் சட்டம் நம் பக்கம் இருந்தால் கேட்கவாவது ஒரு வாய் இருக்கும். பதிலுக்கு ஓனர்களுக்கும் ஒன்று செய்ய வேண்டும், இரண்டு மாதம் வாடகை தராதவன் மேல் புகார் வந்தால் மூன்றாவது மாதத்துக்குள் தீர்ப்பு வரவேண்டும். முழுநேர வாடகை அதிகாரிகளைப் போடாமல் அது நடக்காது.

அப்புறம் ஒரு விஷயம், சின்னதுதான், ஆனால் மாதாமாதம் எரிச்சல் படுத்துவது: சப் மீட்டர், அதாவது ஓனர் தன் மின் இணைப்பில் இருந்தே பிரித்து வாடகை வீட்டுக்கு வைக்கும் மீட்டர். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் இருந்து இருக்கிறது. தனி மீட்டர் இருக்கிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்தால் பில் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சப் மீட்டர் வைத்த வாடகை வீட்டில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று அதே 200 யூனிட்டுக்கு 1,800 வாங்குகிறார்கள். ஒரே இணைப்பில் எல்லோரும் எரிப்பதால் ஓனருக்கும் மேல் விகிதத்தில் பில் வருகிறது என்பது உண்மை, அதற்காக இலவசம், மானியம் எல்லாம் போய் எங்கள் தலையில் லாபமும் சேர்த்து விழ வேண்டுமா? வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வோம் என்று ஒரு விதி போட மின்வாரியமும் வருவாய்த் துறையும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும். பேசச் சொல்லி நீங்களாவது ஒரு தலையங்கம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்,
மடிப்பாக்கம், சென்னை